ஜோடி மாறிய ரேம்களும் ஒரு விசாவும்

ரிட்டையர் ஆகிறவர்கள்தான் இப்படியெல்லாம் எழுதுவார்கள். எனக்கு இன்னும் முப்பதாகவில்லை. ஆனாலும் சர்வீஸ் வேனுக்கு ஒரு கும்பிடு போட்டாயிற்று. அடுத்த வாரம் மஸ்கட் ரூவியில் புது வேலை. குளிரூட்டிய சர்வர் அறை, எதிரே நின்று கத்த வாடிக்கையாளர் யாரும் கிடையாது. நிம்மதி என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கென்னவோ பத்தே நாளில் சலித்துவிடும் என்று தோன்றுகிறது.

என் இடத்துக்கும் பக்கத்து இடங்களுக்கும் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு வேலை கற்றுத்தருவது என் நோக்கமில்லை. ரேம் ஸ்லாட்டின் கிளிப்பை எப்படித் திறப்பது என்று பத்து நிமிட வீடியோ சொல்லிவிடும். வீடியோவில் வராத ஒன்று இருக்கிறது. மெஷின் பழுதாகிக் கிடக்கும் இடத்தில் அநேகமாக ஒரு ஆளும் குற்றவாளியாக நின்றுகொண்டிருப்பார். பையைத் தூக்கிக்கொண்டு நீங்கள் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் உங்கள் கையைப் பார்க்க மாட்டார்கள், வாயைத்தான் பார்ப்பார்கள். அப்படி என் வாயைப் பார்த்த ஒரு நாளைச் சொல்கிறேன்.

ஷார்ஜா தொழில்பேட்டையில் டயர் கடைகளும் கராஜ்களும் நெருக்கியடிக்கும் ஒரு தெரு. அங்கே ஒரு மாடியில் கேமிங் சென்டர். கீழே லாரி சக்கரத்தைக் கழற்றும் சத்தம், மேலே கம்ப்யூட்டருக்குள் துப்பாக்கிச் சத்தம். நடத்துபவர் ஹமீது பாய், கீழக்கரைக்காரர். கறுப்புப் பெட்டிகளாகப் பன்னிரண்டு மெஷின்கள். மாலையில் பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். விடுமுறை நாளில் தொழிலாளர்கள் தங்கும் லேபர் கேம்ப்களில் இருந்து நம் பையன்கள் வருவார்கள். ஒவ்வொரு கேம்ப்புக்கும் ஒரு டீம் உண்டு, பனியனில் பெயரெல்லாம் அடித்திருப்பார்கள். அந்த டீம்களுக்குள் அன்றைக்குப் போட்டி. மாலை அஸர் தொழுகை முடிந்ததும் ஆரம்பம்.

பாயிடம் வேலை பார்ப்பவர் செல்வம். சிவகங்கைப் பக்கம். முதலில் ஒரு கிடங்கில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர். லீவு நாளில் இங்கே விளையாட வந்து, எல்லோரையும் தோற்கடித்து, கடைசியில் இங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டார். பாய்தான் அவருடைய விசாவைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். அதாவது பாய்தான் கஃபீல். செல்வம் இந்த நாட்டில் இருப்பதும் இல்லாததும் அவர் வாயில் இருக்கிறது.

போனில் பாய் சொன்ன விவரம் இதுதான்: "ஹேங் ஆகுதும்மா. பாட்டுக் கேட்டா ஆகல, படம் பார்த்தா ஆகல. கேம் போட்டா மட்டும் நட்டநடுவுல நின்னுடுது. இன்னிக்குப் போட்டி வச்சிருக்கேன். யல்லா, சீக்கிரம் வா."

நான் போன நேரம் இரண்டு டீம் பயிற்சி ஆடிக்கொண்டிருந்தது. படி ஏறி முடிப்பதற்குள் ஒரு திரை உறைந்தது. படம் அப்படியே நின்றது, சத்தம் மட்டும் 'ர்ர்ர்ர்' என்று இரைந்தது. ஹெட்போனைக் கழற்றிய பையன் திரும்பிக் கேட்டான். "செல்வண்ணே, நான் செத்துட்டேனா, உசுரோட இருக்கேனா? சீக்கிரம் சொல்லு, பின்னாடி இருந்து ஒருத்தன் சுடுறான்."

எல்லோரும் சிரித்தார்கள். செல்வம் சிரிக்கவில்லை. டிரைவரை மாற்றிப் பார்த்திருக்கிறார், கேமை அழித்துத் திரும்பப் போட்டிருக்கிறார், ஏசியைக் குறைத்துக் குறைத்துக் கூடத்தையே குளிர்பதனக் கிடங்காக ஆக்கியிருக்கிறார். எதற்கும் அசையவில்லை.

எனக்கு ஆரம்பத்திலேயே மெமரி மேல் சந்தேகம். உட்கார்ந்து, மெஷினுக்குள் என்னென்ன ரேம் இருக்கிறது என்று திரையில் வரவழைத்தேன். ஒரு மெஷினுக்கு இரண்டு ரேம். ஒரே பெட்டியில் வந்த ஜோடியாக இருக்க வேண்டியவை. திரையில் இரண்டும் வெவ்வேறு நம்பர் காட்டின. ஒன்று வேகமானது, மற்றது நிதானமானது. நிதானமான ஆளையும் வேகமானவனின் ஓட்டத்துக்கே ஓடச் சொல்லி மெஷினில் அமைத்திருந்தது. மெயில் பார்க்கும்போது சமாளித்துக்கொள்ளும். பெரிய கேம் வந்து மூச்சு முட்டும்போது அப்படியே நின்றுவிடும்.

அதை நான் சொல்லவில்லை. சொல்வதற்கு முன்பே, என் தோளுக்குப் பின்னால் நின்ற பாய் பார்த்துவிட்டார். வாழ்க்கை முழுக்கச் சரக்கு பார்த்த கண் அது.

"ஜோடியாத்தானே பெட்டியில வந்துச்சு? இது என்ன, ரெண்டும் வேற வேற நம்பரு?"

பக்கத்து மெஷினையும் திறக்கச் சொன்னார். அங்கேயும் அதே கதை. அவர் செல்வத்தின் பக்கம் திரும்பினார்.

"நல்ல சரக்கை எங்கடா வித்த?"

"பாய்?"

"எங்க வித்தன்னு கேக்குறேன். வேலையும் குடுத்து, விசாவும் குடுத்து, சாவியையும் கையில குடுத்தேன்ல, அதுக்கா?"

"சத்தியமா நான் எதையும் எடுக்கல பாய்."

பாய் யாரிடமும் ரகசியமாகப் போன் பேச மாட்டார், எப்போதும் ஸ்பீக்கர்தான். விசா வேலைகளைப் பார்க்கும் பி.ஆர்.ஓ.வை அழைத்தார். கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. "செல்வத்துக்கு கேன்சல் பேப்பர் ரெடி பண்ணு. அஸர் முடிஞ்சு நான் சொன்னதும் அடிச்சுடு." அந்தப் பக்கம், "சரி பாய்" என்றார்கள். அவ்வளவு சுலபம். பயிற்சி ஆடிக்கொண்டிருந்த பையன்கள் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். யாரும் ஆடவில்லை. திருட்டு என்று பெயர் வாங்கிக்கொண்டு விசா கேன்சல் ஆனால் என்ன ஆகும் என்று கேம்ப்பில் இருப்பவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பிறகு பாய் என்னிடம் வந்தார்.

"இன்ஜினியரம்மா, நீ சொல்லு. ரேம் மாறியிருக்கா, இல்லையா?"

இதைக் கவனியுங்கள். மாறியிருந்தது. 'ஆமாம்' என்பதுதான் உண்மையான பதில். அந்த உண்மையைச் சொல்லியிருந்தால் செல்வம் அன்றோடு முடிந்தார். படித்து முடித்த நாளிலிருந்து, கேட்டதும் டக்கென்று பதில் சொல்வதுதான் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்து வளர்ந்தவள் நான். அன்றைக்கு நாக்கு நுனி வரை வந்த பதிலை விழுங்கினேன்.

"இன்னும் தெரியல பாய்."

"கண்ணுக்கு முன்னாடி தெரியுது. தெரியலங்கிற?"

"ரெண்டு மெஷின்தான் பாத்திருக்கேன். மீதியைப் பாக்காம என்னத்தைச் சொல்றது?"

அதற்குள் என் மேனேஜர் போன். எல்லாம் சரியாகிவிட்டதா என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். "வேன்ல புது ஜோடிகள் இருக்குல்ல? எல்லாத்துலயும் புதுசு போடு, பழசைப் பையில அள்ளிட்டு வந்துடு, போட்டியும் நடக்கும். அவங்க வீட்டுச் சண்டை நமக்கு எதுக்கு?"

நியாயமான பேச்சு. தினமும் நாம் செய்வதும் அதுதான். ஆனால் செல்வத்தைப் பார்த்தேன். சுவரோரமாக, கழுத்தில் தொங்கும் சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பழைய ரேம்கள் ஒரு பையில் விழுந்து கலந்துவிட்டால், எது எங்கே இருந்தது, எது இல்லை என்பதை அதற்குப் பிறகு யாராலும் சொல்ல முடியாது. மெஷின் ஓடும். அவர் மேல் விழுந்த சொல் மட்டும் துடைக்க வழியில்லாமல் நிற்கும். பழுதைச் சரிசெய்கிற வேகத்தில், அது எப்படி வந்தது என்பதற்கான தடயத்தையும் நாமே அள்ளிக்கொண்டு போய்விடுவோம். புது பாகம் கையில் இருக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பாயிடம் பேரம் பேசினேன். "நீங்க மத்தியானம் லுஹர் தொழுதுட்டு வாங்க. அதுக்குள்ள எல்லாத்தையும் கழட்டி அடுக்கிப் பாக்குறேன். சரியா வரலைன்னா புதுசு போட்டுத் தர்றேன். எப்படியும் போட்டி நடக்கும்."

"நடக்கலைன்னா?"

"என் கம்பெனி உங்க கான்ட்ராக்டை இழக்கும். மேனேஜர் என்னைத் தொலைச்சுடுவாரு."

அதைக் கேட்டதும் அவருக்குக் கொஞ்சம் திருப்தி. "சரி. ஆனா அதுவரைக்கும் இவன் படி இறங்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பரிசுக் கோப்பைகள் வைத்திருந்த நீள மேசையைக் காலி செய்தோம். பன்னிரண்டு மவுஸ் பேடுகளை வரிசையாக விரித்து, எந்த மெஷினில் எடுத்ததோ அந்த மெஷினின் பேடு மேல் இரண்டிரண்டாக வைத்தேன். எல்லா ரேமுக்கும் ஒரே கறுப்பு உறை. ஸ்டிக்கரில் இருக்கும் பொடி எழுத்தைப் படித்தால்தான் வித்தியாசம் தெரியும்.

இரண்டாவது மெஷினைத் திறந்தபோது ஸ்லாட்டின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ துகள். விரலில் எடுத்துப் பார்த்தேன். அழிரப்பர்.

நம் ஆட்களின் கைமருந்து அது. உலகத்தில் வேறு யாராவது செய்கிறார்களா தெரியாது. மெஷின் மக்கர் செய்தால் ரேமைக் கழற்று, தங்க நிறப் பல்வரிசையை அழிரப்பரால் தேய், ஊது, திரும்ப மாட்டு. பாதி நேரம் வேலையும் செய்யும். நீங்களும் செய்வீர்கள். நானும் செய்திருக்கிறேன்.

"செல்வண்ணே, ரேமைக் கழட்டித் துடைச்சீங்களா?"

"ஆமா மேடம். போன வாரம் டஸ்ட் காத்து அடிச்சுச்சுல்ல, அதுக்கப்புறம் பாய்தான் எல்லாத்தையும் கிளீன் பண்ணச் சொன்னாரு."

"எப்படிப் பண்ணீங்க?"

"எல்லாத்தையும் உருவி, கீழ பேப்பர் விரிச்சுப் பரப்பி வச்சேன். பள்ளிக்கூடப் பசங்ககிட்ட ரப்பர் வாங்கித் தேய்ச்சு, மறுபடி மாட்டிட்டேன்."

"எது எந்த மெஷின்ல இருந்துச்சுன்னு…"

"எல்லாம் ஒரே மாதிரி கறுப்புதானே? எது எங்க போனா என்ன?" சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "போகக் கூடாதா?"

பாய் இரண்டு தடவையாக மெஷின் வாங்கியிருக்கிறார். முதல் ஆறில் நிதானமான ரேம், அடுத்த ஆறில் வேகமானது. உறை ஒன்றுதான். தூசியைத் துடைக்கப் போய் இரண்டு கூட்டத்தையும் கலந்து பரிமாறிவிட்டார் மனிதர்.

"இதைப் பாய்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"அவரு எங்க வித்தன்னுதானே கேட்டாரு. துடைச்சியான்னு கேக்கலையே."

எனக்கு உடம்பெல்லாம் லேசானது. இனி எண்ணிக் காட்டினால் போதும். பாய் தொழுதுவிட்டு வந்ததும் மேசைக்குக் கூட்டிப் போனேன்.

"பாய், பள்ளிவாசல் வாசல்ல செருப்பு மாறிப்போனா, மாத்திப் போட்டவனைக் கள்ளன்னா சொல்லுவீங்க? இதுவும் அதே மாதிரிதான்." துடைத்த கதையைச் சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் இளகியது. "எண்ணு பாப்போம்" என்றார்.

எண்ணினேன். நிதானமானவை பன்னிரண்டு, சரி. வேகமானவை பதினொன்று. திரும்ப எண்ணினேன். பதினொன்றுதான். மீதி இருந்த ஒன்றின் ஸ்டிக்கரைப் படித்தேன். இந்த இரண்டு கூட்டத்திலும் சேராத மூன்றாவது நம்பர். எல்லாவற்றையும்விட மட்டமான ரேம். அதே கறுப்பு உறை.

நல்லதை எடுத்துவிட்டு மட்டமானதைச் சொருகி வைப்பது. திருடுகிறவன் சரியாக இதைத்தானே செய்வான்?

பாய் நிதானமாகச் சொன்னார். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. "செருப்பு மாறிப்போச்சுன்னா, எங்கயாவது இன்னொருத்தன் ஒத்தச் செருப்போட நிப்பான்மா. இங்க அவனைக் காணலியே. ஒண்ணை எடுத்தாலும் கள்ளன் கள்ளன்தான்."

செல்வம் கழுத்திலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றி, மேசை ஓரத்தில் சத்தம் வராமல் வைத்தார். ஒரு கணம் எனக்கும் சந்தேகம் வந்தது. அவரைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பி, நானே கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்துவிட்டேனோ? கீழே படியில் காலடிச் சத்தம். போட்டிக்கு இன்னொரு டீம் வந்துகொண்டிருந்தது.

புது ரேம்களை எடுக்க வேனுக்குப் போகத் திரும்பினேன். அப்போதுதான் பாய் சொன்னது உறைத்தது. எங்கயாவது இன்னொருத்தன் ஒத்தச் செருப்போட நிப்பான். அந்த மட்டமான ரேம் வானத்திலிருந்து விழவில்லையே. அதற்கும் எங்கோ ஒரு ஜோடி இருக்க வேண்டும்.

"செல்வண்ணே, இங்க பாருங்க. எடுத்தீங்களா, விட்டீங்களான்னு கேக்கல. அன்னிக்கு ஷட்டர் திறந்ததுலேர்ந்து என்ன பண்ணீங்கன்னு ஒண்ணு விடாம சொல்லுங்க."

"ஷட்டர் திறந்தேன். தரையெல்லாம் புழுதி. கூட்டினேன். ஏசி ஃபில்டரைக் கழட்டிக் கழுவினேன். அப்புறம் ஒவ்வொரு மெஷினா திறந்தேன். நடுவுல பாய் வந்தாரு, கவுன்டரும் புழுதியா இருக்குன்னு திட்டினாரு. அதையும் திறந்து…"

நிறுத்திக்கொண்டார். நான் பாயைப் பார்த்தேன். பாய் கவுன்டரைப் பார்த்தார். அங்கே அவருடைய உயரமான நாற்காலி, அதன் முன்னால் பில் போடவும் கேமரா பார்க்கவும் வைத்திருக்கும் கம்ப்யூட்டர். பன்னிரண்டு மெஷின் என்று நாங்கள் எண்ணியபோது யாரும் சேர்க்காத பதின்மூன்றாவது.

"அதுல எவன் கேம் ஆடுறான்? அது ஒரு நாளும் நின்னதில்லையே" என்றார் பாய்.

"கேம் ஆடாததாலதான் பாய் நிக்கல."

அவரே போய் அணைத்தார். டீ கிளாஸை நகர்த்தி வைத்தார். நான் பக்கக் கதவைக் கழற்றினேன். வந்த டீம் பையன்கள் என்ன ஏது என்று தெரியாமலே சுற்றி நின்றுகொண்டார்கள். உள்ளே இரண்டும் மட்டமானதாக இருந்துவிட்டால் எல்லாம் அத்தோடு முடிந்தது.

பாய் போன் டார்ச்சை அடித்து உள்ளே எட்டிப் பார்த்தார். "நான் படிக்கிறேன். நீ தள்ளு." ஒருவரையும் நம்புவதாக இல்லை. நான் முதல் ரேமை உருவி அவர் கையில் கொடுத்தேன். கண்ணருகே கொண்டுபோய் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். அந்த மட்டமான ரேமின் நம்பர் அப்படியே வந்தது.

இரண்டாவதைக் கொடுத்தேன்.

ஒரு எழுத்து படித்தார். மேசையருகே, வேகமான ரேம் ஒன்றைக் கையில் வைத்திருந்த செல்வம் அடுத்த எழுத்தைச் சொன்னார். பாய் நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்ததைப் படித்தார். செல்வம் அதற்கடுத்ததைச் சொன்னார். இவர் ஒன்று, அவர் ஒன்று. கடைசி எழுத்தை இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

பாய் டார்ச்சை அணைக்க மறந்து அப்படியே நின்றார். அது என் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

பின்னால் யாரோ, "அண்ணே, போட்டி இருக்கா இல்லையா?" என்று கேட்ட பிறகுதான் எல்லோருக்கும் உயிர் வந்தது. மூன்று பேரும் உட்கார்ந்து ஜோடி சேர்த்தோம். என் பையில் நெயில் பாலிஷ் இருந்தது. ஜோடிக்கு ஜோடி உறை மேல் அடையாளப் பொட்டு வைக்கச் சொன்னேன். செல்வம் நாக்கை வெளியே துருத்திக்கொண்டு கவனமாக வைத்தார். பாய் பார்த்துவிட்டு, "மருதாணி வச்சு முடிஞ்சதும் சொல்லுங்க, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தாச்சு" என்றார். அன்றைக்கு அவர் அடித்த முதல் ஜோக்.

பன்னிரண்டிலும் கனமான கேமை ஓடவிட்டுக் காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பைப் பற்றி எழுதினால் உங்களுக்கும் வியர்க்கும், விட்டுவிடுகிறேன். ஒன்றும் நிற்கவில்லை. அஸர் பாங்கு சத்தம் கேட்டது. பாய் தொழுதுவிட்டு வந்தபோது கூடம் நிரம்பியிருந்தது.

மன்னிப்புக் கேட்கும் பழக்கமெல்லாம் அவருக்கு இல்லை. என்னிடம் வந்து, "தெரியலன்னு சொன்னதுக்கும் பில் போடுவியா, இன்ஜினியரம்மா?" என்று மட்டும் கேட்டார். மேசை ஓரத்தில் கிடந்த சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டுபோய், போட்டியை அறிவிக்க மைக்குடன் நின்ற செல்வத்தின் கழுத்தில் அவரே மாட்டினார். மாட்டிவிட்டு, "மூணாம் நம்பர் ஏசியில தண்ணி சொட்டுது, பாத்தியா?" என்று திட்டினார்.

அந்த நேரம் அவர் போன் அடித்தது. வழக்கம்போல ஸ்பீக்கர். பி.ஆர்.ஓ.வின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"பாய், அஸர் முடிஞ்சுதுல்ல? செல்வம் பேப்பர் ரெடி. அடிக்கவா?"

கேம்ப் பையன்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

"என்ன பேப்பர்?"

"கேன்சல் பாய். நீங்கதானே…"

"கேன்சல் மாஃபி, எதுவும் கிடையாது. கலாஸ். அதை ரினியூவலா போடு."

"அவனுக்கு இன்னும் டைம் இருக்கே பாய். இப்பவே எதுக்கு?"

"டைம் இருந்தா முன்கூட்டிப் பண்ணக் கூடாதுன்னு சட்டமா? போடுய்யா." போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கவுன்டர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார்.

செல்வம் எல்லோருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். மைக்கை வாயருகே வைத்து, "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "ஹலோ, மைக் டெஸ்டிங்."

மைக் நன்றாகத்தான் வேலை செய்தது. அதில் பழுது எதுவும் இருக்கிறதா என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. நான் பையை மூடிக்கொண்டு படி இறங்கினேன்.